இடிக்காதீர்கள்… பிரித்தெடுங்கள்!

மறுகட்டுமான அலையில் தரைமட்டமாகும் வீடுகள்… நீர்நிலைகளின் ஓரம் குவியும் இடிபாடுகள்… கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தீர்வு!

சென்னை மேற்கு மாம்பலத்தில் ஒரு சந்து. காலை எட்டு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. எண்பது வயதைத் தாண்டிய ஒரு வீட்டின் மொட்டைமாடியில் நான்கு பேர் குந்தி உட்கார்ந்திருக்கிறார்கள். கையில் உளி, சின்னச் சுத்தி. மேல்தளத்தில் பதித்த தட்டோடுகளின் விளிம்பில் உளியை வைத்து லேசாகத் தட்ட, ஓடு முழுசாக எழும்பி வருகிறது. அதற்குக் கீழே சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்த காரை. அதற்கும் கீழே, குத்துவாட்டில் நிறுத்திச் சாய்வாக அடுக்கிய மெல்லிய செங்கற்கள். எல்லாவற்றையும் தாங்கி நிற்பவை தேக்குச் சட்டங்கள். ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று கட்டடக்காரர்கள் சொல்லும் கூரை இதுதான்.

எந்த வரிசையில் கட்டினார்களோ, அதற்கு நேர் எதிர் வரிசையில் கழற்றுகிறார்கள். ஓடுகள் இரும்புச் சட்டியில் கைமாறி இறங்குகின்றன. வேப்பமர நிழலில் இரண்டு பெண்கள் செங்கற்களை மடியருகே வைத்துக்கொண்டு, ஒட்டியிருக்கும் சுண்ணாம்பைச் சுரண்டித் தள்ளுகிறார்கள். பத்து செங்கல்லில் ஏழெட்டு முழுசாகத் தேறுகிறது. ஒரு தேக்குச் சட்டத்தின் இரு முனையிலும் கயிறு கட்டி இறக்கும்போது கீழிருந்து ஒரு குரல்: “மெதுவாண்ணே… முனை போயிடும்!”

அதே சந்தின் எதிர்வரிசையில் தொண்ணூறுகளில் கட்டிய கான்கிரீட் வீடு ஒன்று. கதவு, கிரில், குழாய்களை முந்தைய நாளே கழற்றிவிட்டார்கள். இப்போது ‘இட்டாச்சி’ இயந்திரத்தின் முனையில் பொருத்திய பிரேக்கர், கூரையைக் குத்திக்கொண்டிருக்கிறது. அறை அறையாகச் சரிகிறது வீடு. டைல்ஸ், செங்கல், கான்கிரீட், பி.வி.சி. பைப், பால்ஸ் சீலிங் எல்லாம் ஒரே குவியல். தெரு முழுக்கச் சிமென்ட் தூசி. எதிர்வீட்டு ஜன்னல்கள் சாத்திக்கிடக்கின்றன. கம்பியை மட்டும் உருவி எடுத்த பிறகு, மிச்சம் அத்தனையும் இருட்டிய பின் டிப்பரில் ஏறும். எங்கே போகிறது என்று கேட்டால் யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை.

ஒரே சந்தில், ஒரே நாளில் நடக்கும் இரண்டு வேலைகள். ஒன்றில் வீடு பொருளாகத் திரும்பி வருகிறது. மற்றொன்றில் குப்பையாகிறது. தமிழ்நாட்டு நகரங்களில் முதல் வகை அருகிக்கொண்டே வர, இரண்டாவது வகை பெருகிக்கொண்டே போகிறது. இந்தப் போக்கைத் திருப்பியாக வேண்டும்; திருப்பவும் முடியும்.

அலை இப்போதுதான் தொடங்குகிறது

இன்று எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் பச்சை வலை போர்த்திய கட்டடம் ஒன்று கண்ணில் படுகிறது. காரணங்கள் வெளிப்படையானவை. 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள், அனுமதிக்கப்படும் தளப்பரப்புக் குறியீட்டை (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவு) 1.5-லிருந்து 2 ஆக உயர்த்தின. கூடுதல் கட்டணம் செலுத்தினால் அதற்கு மேலும் கட்டலாம். ஆகவே, பழைய வீட்டை வைத்திருப்பதைவிட இடித்துக் கட்டுவது லாபம் என்றாகிவிட்டது. அடுத்ததாக, 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம். மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டாலே பழைய அடுக்குமாடியை மறுகட்டுமானம் செய்ய இது வழிவிடுகிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அண்ணா நகர், கே.கே. நகர், அடையாறு, மயிலாப்பூர் பகுதிகளில் எழுந்த மூன்று மாடி பிளாட்டுகள் இப்போது வரிசைகட்டி நிற்கின்றன.

அரசின் பங்கும் சிறியதல்ல. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பின் ஒரு பகுதி சரிந்தது. முன்கூட்டியே மக்கள் வெளியேறியதால் உயிர்கள் தப்பின. அதன்பிறகு வாரியத்தின் சிதிலமடைந்த குடியிருப்புகளை இடித்துக் கட்டும் வேலை வேகம் பிடித்தது. அது தேவையான வேலை, மறுப்பதற்கில்லை. ஆனால், இடித்ததை என்ன செய்வது என்ற கேள்வியும் அத்துடன் சேர்ந்தே எழ வேண்டும்.

■ ஒரு வீட்டில் எத்தனை டன்?

ஒரு சதுர மீட்டர் பக்கா கட்டடத்தை இடித்தால் சுமார் 500 கிலோ இடிபாடு சேரும் என்பது மத்திய அரசின் தொழில்நுட்பத் தகவல் மன்றமான டைஃபாக் போட்ட கணக்கு. இதைக் கொண்டு பார்த்தால்,

• 2,000 சதுர அடி தனி வீடு: சுமார் 93 டன். ஆறு சக்கர டிப்பரில் ஒன்பது, பத்து நடை.

• 900 சதுர அடியில் 16 பிளாட்டுகள் கொண்ட கட்டடம்: சுமார் 670 டன்.

• இந்தியா முழுவதும் ஆண்டுக்கு: 15 கோடி டன் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. இதில் மறுசுழற்சிக்குப் போவது ஒரு சதவிகிதம் அளவுக்குத்தான் என்று 2020-ல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் சுட்டிக்காட்டியது.

டிப்பர் எங்கே போகிறது?

சென்னை மாநகராட்சிக்குப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாடுகளைப் பதப்படுத்தும் ஆலைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் திறனும் நாளொன்றுக்கு 400 டன். அங்கே கான்கிரீட்டும் செங்கல்லும் நொறுக்கப்பட்டு, ஜல்லியாகவும் மணலாகவும் சலிக்கப்பட்டு, நடைபாதைக்கான பேவர் பிளாக்குகளாக வெளிவருகின்றன. வரவேற்க வேண்டிய ஏற்பாடுதான். ஆனால், எல்லா டிப்பரும் அந்த வாசலுக்குப் போவதில்லை. டீசல் செலவு, டிராஃபிக், எடை போடக் காத்திருக்கும் நேரம் என்று கணக்குப் போடும் லாரிக்காரருக்கு, பக்கத்திலிருக்கும் காலி மனையோ ஏரிக்கரையோ சுலபமாகப் படுகிறது.

விளைவை நேரில் பார்க்க வேண்டுமென்றால் புறநகர் ஏரிகளின் கரைகளில் ஒரு மாலை நடந்தால் போதும். நீர்வரத்துக் கால்வாயின் ஓரத்தில் முதலில் ஒரு லோடு விழும். மறுவாரம் பக்கத்தில் இன்னொன்று. சில மாதங்களில் அதன் மீது செம்மண் பரப்பி, நாலு கல் நட்டு, பாதை போட்டுவிடுவார்கள். வீட்டுக் குப்பை மக்கும், எரியும், நாறும். அதனால் புகார் வரும். கட்டட இடிபாடோ நாறாது, மக்காது, கெட்டித்து நிலமாகிவிடும். சதுப்பு நிலத்தையும் ஓடையையும் மேடாக்க நினைப்பவர்களுக்கு அதைவிட வசதியான சரக்கு கிடையாது. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. தென்சென்னையின் மழைநீரை வாங்கி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்கு அனுப்பும் அந்த நிலத்தின் விளிம்புகள் ஆண்டாண்டு காலமாக இப்படித்தான் தூர்க்கப்பட்டன. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது நாம் மழையைத் திட்டினோம். தண்ணீர் போக வேண்டிய வழியில் நம் பழைய வீடுகளின் சுவர்கள் கிடந்ததை நினைத்துப் பார்க்கவில்லை.

இது ஒரு முனை. மறுமுனையில், புதிய வீட்டுக்கான ஜல்லியும் எம்-சாண்டும் செங்கல்லும் எங்கிருந்தோ வந்தாக வேண்டுமே. திரிசூலம், பம்மல் வட்டாரத்துக் குன்றுகளைக் குடைந்து முடித்து, இப்போது செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவண்ணாமலை என்று குவாரிகள் தள்ளித் தள்ளிப் போகின்றன. கோவை தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகளுக்காகச் செம்மண்ணைத் தோண்டித் தோண்டி, ஓடைகள் திசை மாறி, யானை வழித்தடங்கள் சிதைந்த பிறகு, நீதிமன்றம் தலையிட, 2021-ல் சூளைகள் மூடப்பட்டன. 2025 ஏப்ரலில் கனிம வரி உயர்வை எதிர்த்து கிரஷர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, எம்-சாண்ட், ஜல்லி விலை ஏறி, பாதியில் நின்ற வீடுகள் எத்தனை! ஒரு பக்கம் மலையை உடைத்து ஜல்லி கொண்டுவருகிறோம். மறுபக்கம் ஏற்கெனவே உடைத்த மலையை ஏரியில் கொட்டுகிறோம்.

இதில் கண்ணுக்குத் தெரியாத இழப்பு ஒன்றும் உண்டு. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் சுமார் 7 முதல் 8 சதவிகிதம் சிமென்ட் தயாரிப்பினால் வருவது. செங்கல்லைச் சுட நிலக்கரியும் விறகும் எரித்தாகிவிட்டது. முழுச் செங்கல் ஒன்றை மீண்டும் சுவரில் வைத்தால் அந்த எரிப்பு இன்னொருமுறை தேவையில்லை. அதையே நொறுக்கிப் பேவர் பிளாக் செய்தால், மறுபடி சிமென்ட் சேர்க்க வேண்டியிருக்கிறது. மறுசுழற்சி ஆலை தேவைதான். ஆனால், அது வரிசையில் கடைசியில் நிற்க வேண்டும். பிரித்தெடுப்பதுதான் முதலில்.

ஒன்பது நொடி வேடிக்கை

2022 ஆகஸ்ட் 28, பிற்பகல். நொய்டாவில் சுமார் 100 மீட்டர் உயர இரட்டைக் கோபுரங்கள் 3,700 கிலோ வெடிபொருளால் சில நொடிகளில் மண்ணாகும் காட்சியை நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்து பார்த்தது. விதிமீறலுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின் நிறைவேற்றம் அது, நியாயமான தீர்ப்பு. தொலைக்காட்சிகள் மூட்டை கட்டிய பிறகு மிஞ்சியது சுமார் 80,000 டன் இடிபாடு. அதை அள்ளி முடிக்க மாதக்கணக்காயிற்று.

கொச்சி மரடுவில் 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள் தகர்க்கப்பட்டன. அங்கும் சுமார் 76,000 டன். வெடி வைப்பதற்கு முன்பே கதவு, ஜன்னல், குளியலறைச் சாமான்கள் கழற்றப்பட்டது ஆறுதல். மீதியில் கம்பியையும் கான்கிரீட்டையும் பிரிக்கும் வேலை தூசியோடும் சத்தத்தோடும் நீண்டது. நம் மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 61 பேரைப் பலிகொண்ட கட்டடத்தின் பக்கத்துக் கோபுரம், 2016 நவம்பர் 2 மாலை வெடி வைத்துத்தான் தகர்க்கப்பட்டது. பலவீனமான கட்டடத்துக்குள் ஆட்களை அனுப்பிக் கைவேலை செய்ய முடியாது என்பதால், அங்கே வேறு வழியில்லை.

ஆக, வெடி வைப்பதற்கும் இடம் உண்டு. ஆனால், உறுதியாக நிற்கும் மூன்று மாடி பிளாட்டை அதே அவசரத்தில் நொறுக்குவதற்கு எந்த நியாயமும் இல்லை. இந்திய தரநிலையான ஐ.எஸ். 4130, கட்டடத்தை மேலிருந்து கீழாக, மாடி மாடியாக, முறைப்படி அகற்ற வேண்டும் என்கிறது. பாதுகாப்புக்காக எழுதிய விதி அது. பொருள்களை மீட்கவும் அதே வரிசைதான் உதவுகிறது.

காரைக்குடி சொல்லும் இரண்டு பாடங்கள்

வீட்டைப் பிரித்து வேறிடத்தில் கட்டுவது தமிழர்களுக்குப் புதிதல்ல. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்தால், இரண்டு பக்கமும் கடைகளில் செட்டிநாட்டு வீடுகள் துண்டு துண்டாக நிற்பதைப் பார்க்கலாம். பர்மாத் தேக்குத் தூண்கள், இழைத்த நிலைகள், பித்தளைக் குமிழ் வைத்த கதவுகள், பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் தட்டுகள். நிலைக்கால்களைக் கவனித்துப் பாருங்கள். இரும்பு ஆணி மிகக் குறைவு. துளையும் நாக்குமாகச் செதுக்கி, ஒன்றுக்குள் ஒன்று கொளுவி, மர ஆப்பு வைத்து இறுக்கியிருக்கிறார்கள். ஆப்பைத் தட்டினால் சேதமில்லாமல் கழன்றுவிடும். நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் இன்னொரு சுவரில் ஏற முடிகிறதென்றால், அந்தத் தச்சர்களின் கைவேலைதான் காரணம்.

சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா இதற்கு இன்னோர் உதாரணம். தென்னிந்தியாவின் வெவ்வேறு ஊர்களில் அழியவிருந்த பழைய வீடுகளை வாங்கி, பகுதி பகுதியாகப் பிரித்து, அங்கே கொண்டுவந்து மறுபடி நிறுத்தினார்கள். கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், இடித்த வீடுகளின் கதவு ஜன்னல்களைத் தேடி வாங்கிப் புது வீடுகளில் பொருத்தினார். ஏழைக்கான வீட்டின் செலவு குறைய அதுவும் ஒரு வழியாயிற்று.

இரண்டாவது பாடம் கசப்பானது. முனீஸ்வரன் கோயில் தெருவில் தூண்களுக்கு நல்ல விலை கிடைப்பதாலேயே, நின்று நிலைக்க வேண்டிய எத்தனையோ செட்டிநாட்டு மாளிகைகள் பிரிக்கப்பட்டுவிட்டன. பல பங்காளிகளுக்குள் உரிமை சிதறிய வீட்டில், பராமரிக்க ஆளில்லை. விற்றால் ஆளுக்குக் கொஞ்சம் பணம். செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014 முதல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியல் காத்திருக்க, வீடுகள் காத்திருக்கவில்லை. அதனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழுதுபார்த்துக் குடியிருக்கக்கூடிய வீட்டைப் பிரித்தெடுப்பது சிக்கனம் ஆகாது. வீடு நிற்கட்டும். போயே தீர வேண்டிய கட்டடத்துக்குத்தான் இந்தப் பேச்செல்லாம்.

கான்கிரீட் வீட்டை என்ன செய்வது?

‘மெட்ராஸ் டெரஸ் சரி, தேக்கு சரி. என் பிளாட் கான்கிரீட்டாச்சே?’ என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. சுண்ணாம்புக் காரை செங்கல்லைவிட மெலிந்தது. தட்டினால் காரை உதிர்ந்து செங்கல் தப்பிக்கும். சிமென்ட் காரை பெரும்பாலும் செங்கல்லைவிட வலுவானது. தட்டினால் செங்கல்தான் முதலில் உடையும். கூரைத் தளமோ கம்பியோடு சேர்ந்து ஒரே பாறையாக இறுகியிருக்கும். அதைத் துண்டு துண்டாக அறுத்து இறக்க வைர ரம்பம் உண்டு, செலவு அதிகம்.

அப்படியென்றாலும் கான்கிரீட் கட்டடத்தில் பிரித்தெடுக்க நிறைய இருக்கிறது. கதவு, நிலை, கிரில், ஷட்டர், வாஷ்பேசின், செப்பு ஒயர், கிரானைட் மேடை, கடப்பாக் கல் அலமாரித் தட்டு, பழைய மொசைக் பலகைகள் எல்லாம் முதல் சுற்றில் கழற்றலாம். இரண்டாவது சுற்றில் பால்ஸ் சீலிங், பிளைவுட், பிளாஸ்டிக், தெர்மாகோல், தரை டைல்ஸ் தனியாகப் போக வேண்டும். அதன்பிறகு எஞ்சும் சுத்தமான கான்கிரீட்டை இயந்திரத்தால் உடைத்தாலும் மோசமில்லை. ஏனென்றால், ஐ.எஸ். 383 தரநிலை 2016-லேயே அதற்கு வழி திறந்துவிட்டது. மறுசுழற்சிக் கான்கிரீட் ஜல்லியைக் கம்பியில்லாத கான்கிரீட்டில் 25 சதவிகிதம் வரையிலும், எம்-25 தரம் வரையிலான கம்பிக் கான்கிரீட்டில் 20 சதவிகிதம் வரையிலும், அடியில் போடும் மெலிந்த கான்கிரீட்டில் முழுவதுமாகவும் சேர்க்கலாம். ஆனால், ஜிப்சமும் பிளாஸ்டிக்கும் மண்ணும் கலந்த குவியலிலிருந்து அந்தத் தரத்தில் ஜல்லி எடுப்பது பெரும்பாடு. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கும் அந்த முதல் நாளிலேயே பொருளின் மதிப்பு போய்விடுகிறது.

■ எதை மீண்டும் சேர்க்கலாம்… எதைக் கூடாது?

• தேக்கு, வேங்கை மரம்: கரையான், விரிசல், பழைய ஆணி பார்த்து, இழைத்தால் புதிதைவிட நன்று. நன்றாகக் காய்ந்த மரம் என்பதால் கதவு கோணாது.

• முழுச் செங்கல்: காரை சுரண்டி, தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, சுற்றுச்சுவர், தடுப்புச் சுவர், ஒற்றை மாடிச் சுவருக்கு வைக்கலாம். தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். அரைச் செங்கல் ஜல்லியாக மாடித் தளத்துக்குப் போகும்.

• மங்களூர் ஓடு, நாட்டு ஓடு: விரிசல் இல்லாதவை அப்படியே கூரை ஏறலாம்.

• கம்பி: வளைந்ததை நிமிர்த்தித் தூணிலும் பீமிலும் போடவே கூடாது. எடைக்குப் போட்டு உருக்காலைக்கு அனுப்புவதே சரி.

• ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்: உடைக்கக் கூடாது, தண்ணீர் தெளித்து, போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்கி, தனியாக அப்புறப்படுத்த வேண்டும். உடைந்தால் பறக்கும் இழை, நுரையீரலுக்கு எமன்.

சுத்தியல் பிடித்த கைகள்

2023 ஜனவரி 27. சென்னை அண்ணா சாலையில் பழைய கட்டடம் ஒன்றை இயந்திரத்தால் இடித்துக்கொண்டிருந்தபோது, சாலையோரச் சுவர் சரிந்து, நடைபாதையில் நடந்துபோன இளம்பெண் உயிரிழந்தார். வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். அவசரமாக நொறுக்கும் வேலையின் உண்மையான விலை எது என்று இதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை.

தெருவில் போகிறவர்களுக்கே இந்த நிலை என்றால், உள்ளே நிற்பவர்களின் கதி? ஹெல்மெட் இல்லை, முகத்தில் கட்டிய துண்டுதான் முகக்கவசம், காலில் ரப்பர் செருப்பு. கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996-ம் ஆண்டு மத்தியச் சட்டம், ‘கட்டுமானம்’ என்பதற்குள் இடிக்கும் வேலையையும் சேர்த்தே சொன்னது. ஆனால், பாதுகாப்பு, நலவாரியப் பதிவு, விபத்து நிவாரணம் போன்ற உரிமைகள் இடிப்பு வேலைக்கு வரும் நாள்கூலிகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? வேலை நாலு நாளில் முடிந்துவிடும். மேஸ்திரி அடுத்த ஊருக்குப் போய்விடுவார். பதிவு செய்வது யார்?

பிரித்தெடுப்பு பரவலானால் இவர்களுக்குத்தான் முதல் பலன். ஒரு இட்டாச்சி, ஓர் ஆபரேட்டர், நாலு ஹெல்பர் என்று முடியும் வேலை, பத்துப் பன்னிரண்டு பேருக்கு மூன்று வார வேலையாக மாறும். ஓடு இறக்குபவர், மரம் கழற்றுபவர், செங்கல் சுத்தம் செய்யும் பெண்கள் என்று ஒவ்வொருவர் கையிலும் தனித்திறமை இருக்கிறது. பயிற்சியும் சான்றிதழும் கொடுத்தால் அது மதிப்புள்ள தொழிலாகும், கூலியும் உயரும். ஆனால், ஒரு நிபந்தனை. மேலிருந்து கீழாக, சாரம் கட்டி, பாதுகாப்புக் கயிறோடு செய்தால் மட்டுமே இது நல்ல வேலை. இல்லாவிட்டால், மெதுவாக நடக்கும் விபத்தாகிவிடும்.

போர்ட்லண்ட் துணிந்தது

அமெரிக்காவின் ஓரிகன் மாகாணத்திலுள்ள போர்ட்லண்ட் நகரம் 2016 அக்டோபர் 31 முதல் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தது. 1916-ம் ஆண்டிலோ அதற்கு முன்போ கட்டிய வீடுகளையும், பாரம்பரிய வீடுகளாகப் பட்டியலிடப்பட்டவற்றையும் இயந்திரத்தால் நொறுக்கக் கூடாது. கையால் பிரித்தெடுத்தே அகற்ற வேண்டும். அந்த நாட்டில் இப்படிச் செய்த முதல் நகரம் அதுதான். பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கிய ஒப்பந்ததாரர்கள் மட்டுமே இந்த வேலையை எடுக்க முடியும். 2020 ஜனவரியில் அந்த ஆண்டு வரம்பை 1940 வரை நீட்டித்தார்கள். கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவும் டெக்சாஸின் சான் அன்டோனியோவும் பின்தொடர்ந்தன.

அங்குள்ளவை மர வீடுகள்; நம்முடையவை செங்கல்லும் கான்கிரீட்டும். அப்படியே பிரதி எடுக்க முடியாது. ஆனால், கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. சட்டம் வருவதற்கு முன்பு அங்கும் ‘நேரமாகும், செலவாகும்’ என்பதே பேச்சாக இருந்தது. நகராட்சி முதலில் மானியம் கொடுத்துப் பழக்கியது; ஆட்களைப் பயிற்றுவித்தது; பிறகு கட்டாயமாக்கியது. விருப்பத்துக்கு விட்டிருந்தால் சில வீட்டுக்காரர்களோடு நின்றிருக்கும்.

சட்டம் இருக்கிறது, ஓட்டையும் இருக்கிறது

நம் நாட்டிலும் விதிகளுக்குக் குறைவில்லை. 2016 மார்ச்சில் வந்த கட்டட, இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகள், நாளொன்றுக்கு 20 டன்னுக்கு மேலோ ஒரு திட்டத்தில் மாதம் 300 டன்னுக்கு மேலோ இடிபாடு சேர்ப்பவர்கள், கான்கிரீட், மண், இரும்பு, மரமும் பிளாஸ்டிக்கும், செங்கல்லும் காரையும் என்று தரம் பிரிக்க வேண்டும் என்றன. வேலை தொடங்கும் முன்பே கழிவு மேலாண்மைத் திட்டத்துக்கு உள்ளாட்சியின் ஒப்புதல் பெறவும் பணித்தன. அரசு ஒப்பந்தங்களில் 10 முதல் 20 சதவிகிதம் வரை மறுசுழற்சிப் பொருள்களைக் கட்டாயமாக்கவும் சொல்லின. 16 பிளாட் கட்டடமே 670 டன் என்று பார்த்தோம். ஆக, நம் தெருவில் நடக்கும் சாதாரண மறுகட்டுமானமே இந்த வரம்பைத் தாண்டும். அந்தத் திட்ட அறிக்கையைப் பார்த்தவர் உண்டா என்று எந்தத் தெருவில் வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள்.

2025-ல் அறிவிக்கப்பட்டு, 2026 ஏப்ரல் 1-ஐ அமல் தேதியாகக் கொண்ட புதிய விதிகள் ‘உற்பத்தியாளர் பொறுப்பு’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவருகின்றன. பெரிய திட்டக்காரர்கள் குறிப்பிட்ட அளவுக்கு மறுசுழற்சி செய்ததைக் கணக்குக் காட்ட வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால், அது 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் தளப்பரப்புள்ள திட்டங்களுக்கானது. அதாவது, சுமார் 2.15 லட்சம் சதுர அடி. மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் அரை கிரவுண்டிலும் இரண்டு கிரவுண்டிலும் நடக்கும் இடிப்புகள் அந்தப் பெரிய வலையில் சிக்காத சின்ன மீன்கள். ஏரிக்கரைகளை நிரப்புவதில் இந்தச் சின்ன மீன்களுக்கும் பெரும் பங்கு உண்டு.

என்ன செய்யலாம்?

தடை எங்கே இருக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் காலண்டரில்தான். வீட்டுக்காரர் வாடகை வீட்டுக்குக் குடிபோயிருப்பார். அந்த வாடகையைத் தரும் பில்டர் வங்கிக்கு வட்டியும் கட்டுவார். மூன்று வாரம் என்பது அவர்களுக்குப் பணம். அதனால் வெறும் அறிவுரை செல்லாது. கணக்கு மாற வேண்டும்.

மாநகராட்சிகள் இடிப்பு அனுமதியின்போதே, தளப்பரப்பைப் பொறுத்து ஒரு வைப்புத்தொகை வாங்கலாம். பிரித்தெடுத்த பொருள்களின் பட்டியலையும் பதப்படுத்தும் ஆலையின் எடைச்சீட்டையும் காட்டினால் பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். கட்டட அனுமதிக்காகக் காத்திருக்கும் மாதங்களிலேயே பிரித்தெடுக்கும் வேலையைத் தொடங்க அனுமதித்தால், நேரப் பிரச்னையில் பாதி தீர்ந்துவிடும். மண்டலத்துக்கு ஒரு பழைய கட்டடப் பொருள் சந்தைக்கு இடம் ஒதுக்கினால், சாலையோரங்களில் வெயிலிலும் மழையிலும் கிடக்கும் கதவுகளுக்கும் செங்கற்களுக்கும் கூரை கிடைக்கும். கிராமத்தில் வீடு கட்டும் ஏழைக்கு வாங்கும் இடமும் தெரியும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், அரசு தன் கட்டடங்களில் தொடங்க வேண்டும். வாரியக் குடியிருப்புகளையும் பழைய அலுவலகங்களையும் அரசு ஊழியர் குடியிருப்புகளையும் அகற்ற டெண்டர் விடும்போது, ‘மொத்தமாக இடித்து அப்புறப்படுத்த’ என்ற ஒற்றை வரிக்குப் பதிலாக, எதை எதைப் பிரித்தெடுக்க வேண்டும், எத்தனை நாள் அவகாசம் என்று எழுதினாலே, இந்தத் தொழில் தமிழ்நாட்டில் வேரூன்றிவிடும்.

அதுவரை, பழைய வீட்டை இடிக்க முடிவுசெய்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இடிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் மூன்று வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். இயந்திரம் வருவதற்கு முன் மரம், ஓடு, கல், முழுச் செங்கல் எல்லாவற்றையும் கையால் கழற்ற வேண்டும். மிச்சத்தைக் கான்கிரீட் தனியாக, மற்றவை தனியாக அடுக்க வேண்டும். கடைசி டிப்பர் வரைக்கும் மாநகராட்சி ஆலையின் எடைச்சீட்டு உங்கள் கைக்கு வர வேண்டும். சீட்டு வந்த பிறகே மீதிப் பணம். உங்கள் வீடு யாருடைய ஏரியிலும் விழாமல் பார்த்துக்கொள்ள இன்றைய தேதியில் உங்களால்தான் முடியும்.